ஜுசேலியாவின் வெள்ளைச் சட்டி

என்னைப் பிசையும்போது ஒஷாலா கள் குடித்திருந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மனிதர்களையெல்லாம் களிமண்ணில் உருட்டிச் செய்கிற சாமி அவர். ஒருநாள் வெயில் தாங்காமல் பனங்கள்ளைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிக்கொண்டுவிட்டார். அன்றைக்கு அவர் கையிலிருந்து விழுந்தவர்கள்தான் கூன் விழுந்தவர்கள், தோலும் முடியும் வெளுத்தவர்கள், ஒரு கால் குட்டையாகப் போன என்னைப் போன்றவர்கள். மறுநாள் தெளிந்து பார்த்ததும் கிழவருக்கு அழுகை வந்துவிட்டதாம். இனிமேல் கள்ளைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, எங்களைத் தன் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டார். அதனால் எங்களுக்கும் கள் ஆகாது. சிவந்த பனையெண்ணெய் ஆகாது. வெள்ளிக்கிழமை உப்பும் ஆகாது. குடித்தது அவர், பத்தியம் எனக்கு.

என் பெயர் லிந்தினால்வா. லிந்தா என்பார்கள். சல்வதோர் நகரத்தில் ஒரு குன்றுச் சரிவில் ஒற்றை அறை வீடு. ஒஷாலாவையும் மற்றச் சாமிகளையும் கும்பிடும் எங்கள் சாமிவீட்டுப் பெண்களின் வெள்ளைப் பாவாடைகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்வது பிழைப்பு. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காலைச் சொல்லிக்கொள்வேன், உண்மையில் என் வாயும் ஒரு காரணம். நாள் முழுக்க என்னோடு பேசுவது இஸ்திரிப்பெட்டிதான், அதுவும் ஈரத்துணியில் வைத்தால் மட்டும்.

வெள்ளிக்கிழமை மட்டும் அப்படியில்லை. காலையில் குளித்து, வெள்ளை உடுத்திக்கொண்டு சாமிவீட்டுக்குப் போவேன். அங்கே ஒஷாலாவின் வெள்ளை அறை. சுவர் வெள்ளை, துணி வெள்ளை, அலமாரியில் வரிசையாக மூடி போட்ட பீங்கான் சட்டிகள். ஒவ்வொரு சட்டிக்குள்ளும் ஒரு கல். அந்தக் கல்தான் அவரவர் தலைக்கு உரிய சாமி. சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூஜா, அதில் தண்ணீர் வற்றவே கூடாது. நான் இரண்டு கூஜாவுக்குத் தண்ணீர் மாற்றுவேன். ஒன்று என்னுடையது. மற்றது ஜுசேலியாவினுடையது.

சாமிக்குத் தலை கொடுக்கும்போது, அதாவது மொட்டை போட்டுச் சாமியின் பிள்ளையாகும்போது, இருபத்தொரு நாள் ஓர் அறையில் அடைந்து கிடக்க வேண்டும். கூட அடைந்து கிடந்து, ஒரே நாளில் மொட்டைத் தலையோடு வெளியே வருகிறவர்களை ஒரு படகு என்போம். சில படகுகளில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எங்கள் படகில் நானும் ஜுசேலியாவும்தான். ஒரே பாய், ஒரே தட்டு, ஒரே குசுகுசுப்பு. வயதில் அவள் எனக்கு மூன்று வருஷம் இளையவள். ஆனால் கத்தி முதலில் பட்டது அவள் தலையில். ஆகவே அவள் எனக்கு அக்கா. பார்த்த இடத்தில் நான் ஆசி கேட்க வேண்டும், அவள் 'ஒஷாலா ஆசி தரட்டும்' என்று சொல்ல வேண்டும். சண்டையில் இருந்தாலும் இது உண்டு. நாங்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம்.

அவள் சாமிவீட்டை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம். அவளுடைய ஒரே மகன் போதைப்பொருளில் விழுந்து, சாகக் கிடந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பெண்கள் முறை வைத்து இரவும் பகலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரே ஒரு முறை போனேன். பாவாடைகள் நிறையக் கிடந்தன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையன் பிழைத்தான். ஜுசேலியா அந்தச் சபையில் சேர்ந்தாள். அதற்கப்புறம் ரயிலடியில் பார்த்தால் நான் ஆசி கேட்பேன், அவள் 'கர்த்தருடைய சமாதானம், சகோதரி' என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

அப்போது எங்கள் சாமிவீட்டுத் தலைவியாக இருந்தவர் எர்மீனியா. எல்லாருக்கும் பெரியம்மா. அவரிடம் போய், ஜுசேலியாவின் சட்டியை என்ன செய்வது என்று கேட்டேன். "இருக்கட்டும். நீ தண்ணி ஊத்து. சட்டிய மட்டும் தொடாத, அது என் பொறுப்பு" என்றார். வருஷத்துக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு அவரே அதைக் கழுவுவார். வெளியே எனக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

நான் ஊற்றினேன். ஜுரத்தோடு போய் ஊற்றியிருக்கிறேன். என் அம்மாவைப் புதைத்த வாரத்தில், சாவுத்தீட்டு என்று உள்ளே விடாதபோது, வேறொருத்தியை ஊற்றச் சொல்லி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஊற்றும்போதெல்லாம் சட்டியைப் பார்த்து, "ஆசி கொடு, அக்கா" என்பேன். பதில் வரக்கூடிய அளவு நேரம் நிற்பேன். பிறகு அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வேன். யார் பாவாடையைக் கருக்கினேன், யார் கூலி தராமல் இழுக்கிறாள், எல்லாம்.

பெரியம்மா இறந்து மூன்று வருஷம். இப்போது தலைவி ஜசீரா அம்மா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனால் ஏழு வயதிலேயே மொட்டை போட்டுக்கொண்டவள், ஆகவே நான் தரையில் விழுந்து கும்பிட வேண்டும். விழுவது சுலபம், இந்தக் காலை வைத்துக்கொண்டு எழுந்திருப்பதுதான் பாடு. போன செப்டம்பரில், ஒஷாலாவுக்குத் தண்ணீர் சுமக்கும் திருவிழாவுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"லிந்தா, இன்னும் எத்தனை நாளைக்கு அவ சட்டிய நீ காவல் காப்பே?"

"அவ வர்ற வரைக்கும்மா."

"அவ சபையில கைதட்டிப் பாடிக்கிட்டிருக்கா. எங்க வரப்போறா?"

"இங்கயும் கைதட்டிப் பாடுறதுதானே."

ஜசீரா சிரிக்கவில்லை. "தலை குடுக்க உள்ள மூணு பேர் புதுசா உக்காந்திருக்காங்க. அவங்க சட்டிய எங்க வைக்கிறது, உன் தலையிலயா? சாவோ பாவ்லோவுக்குப் போனவங்க ரெண்டு பேரும் தங்க சட்டி வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இவ ஒருத்திதான் பாக்கி. உரியவ வாயால சொல்லாம நான் தொட முடியாது. நீ அவ படகுக்காரி. போய்க் கேளு. வேணும்னா இருக்கட்டும், நான் எப்படியாவது இடம் பண்றேன். வேணாம்னா ஓடுற தண்ணியில விட்டுடலாம்."

"திடீர்னு கேட்டா எப்படிம்மா?"

"பத்தொம்பது வருஷம் திடீரா? இப்பவே மேல் தட்டுலருந்து எறக்கி ஓரமா வை. வெள்ளிக்கிழமை போயிட்டு வா."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், வேறென்ன சொல்வாள். சட்டி போய்விட்டால் அந்த அறையில் எனக்கென்று யார்? ஒரு படகில் ஒருத்தியாக நான். மொட்டை போட்ட முறைப்படி வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் எப்போதும் அவளுக்காக ஓர் ஆள் இடம் விட்டு நிற்பேன். பெண்கள் கேலி செய்வார்கள். அந்த இடத்தையும் இனி மூட வேண்டியதுதான்.

முக்காலி போட்டு ஏறி, ஜுசேலியாவின் சட்டியை இரண்டு கையாலும் பலமாகப் பிடித்துத் தூக்கினேன். பலம் அதிகமாகிப் பின்னால் சாயப் பார்த்தேன். சட்டியில் கனமே இல்லை.

என்னுடையதைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. மறுபடி அவளுடையதைத் தூக்கினேன். தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். திறக்க எனக்கு உரிமை கிடையாது. பாவம் வந்தால் வரட்டும் என்று திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கல் இல்லை, சோழி இல்லை, கல்லுக்குப் பூசும் வெண்ணெயின் வாசனைகூட இல்லை. சூப் ஊற்றிக் குடிக்கலாம், அத்தனை சுத்தம். கதவைச் சாத்திக்கொண்டு பெரியம்மா வருஷா வருஷம் கழுவியது இதைத்தான்.

மூடியை மூடி ஓரமாக வைத்தேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, ஜுசேலியா குடியிருக்கும் பெரிபெரிக்கு ரயில் ஏறினேன். வெள்ளி ஒஷாலாவின் நாள், அன்றைக்கு இந்த ஊரில் பாதிப் பேர் வெள்ளை உடுத்தியிருப்பார்கள், சாமிக்காரர்களா இல்லையா என்று கேட்கவே வேண்டாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல் கூடவே வந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை. அவளிடம் முதலில் எதைக் கேட்பது என்று சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவள் சிவப்பு ரவிக்கை போட்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. எனக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஆசி கொடு, அக்கா."

"கர்த்தருடைய சமாதானம்" என்றாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "உள்ள வா, வெயில்ல நிக்காத. கால் இழுக்குமே உனக்கு."

அடுக்களையில் உட்கார வைத்தாள். மூலையில் மண்ணால் செய்த தண்ணீர் வடிகட்டி, மேல்பானையும் கீழ்பானையுமாக, குழாய் வைத்தது. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். அதிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன்.

"நல்ல தண்ணி."

"மண்பானைத் தண்ணியாச்சே. ஃப்ரிட்ஜ் தண்ணிய இந்த வீட்டுல யாரும் தொடறதில்ல."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா சிவப்பு ரவிக்கை."

"வெள்ளிக்கிழமைங்கறதாலதான். நான் வெள்ளை உடுத்தலன்னு சபையில நாலு பேர் பாக்கணுமில்ல." ரவிக்கையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எதுக்கு வந்தே?"

"ஜசீரா அம்மா கேட்டு வரச் சொன்னாங்க. உன் சட்டி வேணுமா வேணாமான்னு."

அவள் மேஜையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"தூக்கிப் பாத்தேன், அக்கா" என்றேன்.

அவள் கை நின்றது. "பத்தொம்பது வருஷம் ஆச்சா உனக்கு அதத் தூக்க?"

"தொடாதன்னு பெரியம்மா சொன்னாங்க. நான் சொன்ன பேச்சைக் கேட்டேன். உன்ன மாதிரி இல்ல."

"ஆமா, நீ என்னிக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கே, இதை மட்டும் கேட்டுத் தொலைச்சிருக்கே." எதிரில் உட்கார்ந்தாள். "போதகர் என் சட்டியக் கொண்டாரச் சொன்னார். எல்லார் முன்னாலயும் உடைக்கணும், அப்பதான் கட்டு விடும்னார். ஒருநாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரமாப் பாத்து வந்தேன். பெரியம்மா வெள்ளை அறை வாசல்லயே உக்காந்திருந்தாங்க. அவங்க திட்டல. அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. 'உன் தலை, உன் சாமி, கொண்டு போ. ஆனா லிந்தாவுக்குத் தெரிய வேணாம். அவ தனியாயிடுவா'ன்னாங்க. அப்புறம் அதே மாதிரி ஒண்ணை வாங்கி வச்சிருக்காங்கன்னு எனக்குச் சொல்லி அனுப்பினாங்க."

எனக்கு முகம் கொதித்தது. எல்லாருமாகச் சேர்ந்து எனக்குத் துணையாக ஒரு காலிச் சட்டியை வைத்திருக்கிறார்கள். அதற்கு நான் கதை சொல்லியிருக்கிறேன். அதன் முன்னால் அழுதிருக்கிறேன். பெரியம்மா உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு நேரே போய்ச் சண்டை பிடித்திருப்பேன். செத்தவர்களோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

"அப்ப உடைச்சிட்டே" என்றேன். "கிழவரைக் கொண்டு போய்ச் சுத்தியால அடிச்சிட்டே."

"சட்டியத்தான் போதகர் உடைச்சார். எல்லாரும் அல்லேலூயான்னு கத்தினாங்க. கல்லு அப்ப என் உள்பாடிக்குள்ள இருந்துச்சு."

"இப்ப எங்க?"

"இப்பத்தானே குடிச்சே."

எழுந்து போய் வடிகட்டியின் மேல்பானையைத் தூக்கினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கீழ்பானைக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில், தெளிந்த தண்ணீருக்குள், முட்டை அளவில் அந்த வெள்ளைக் கல். முப்பத்தி நாலு வருஷத்துக்கு முன்னால் இருட்டறையில் அதைப் பார்த்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. என்னை அறியாமல் குனிந்து நெற்றியைப் பானை விளிம்பில் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கழுவுவேன்" என்றாள். "வடிகட்டி கழுவறது பாவம்னு வேதத்துல எங்கயும் போடல."

"வீட்டுல தெரியுமா?"

"தண்ணி நல்லாருக்க ஆத்துக்கல்லு போட்டிருக்கேன்னு சொல்லியிருக்கேன். பையன் குடிக்கறான், மருமக குடிக்கறா." உதட்டைக் கடித்தாள். "ஜெபத்துக்கு வந்தா போதகரும் இதத்தான் குடிக்கறார். போனவாட்டி மூணு டம்ளர்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இருட்டறையில் பாயில் படுத்துக்கொண்டு, பெரியம்மாவுக்குக் கேட்காமல் வாயில் துணியைத் திணித்துச் சிரித்த அதே சிரிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கும்.

"அப்ப வந்துடு, அக்கா."

"வரமாட்டேன், லிந்தா."

"அதான் விடவே இல்லையே நீ."

"என் பையன் பிழைச்சா உங்ககூடவே இருப்பேன்னு அந்தப் பொம்பளைங்ககிட்ட வாக்கு குடுத்தேன். பிழைச்சான். ராத்திரி ராத்திரியா உக்காந்தாங்க, அவங்களுக்கு நாங்க யாரு? நீ ஒருவாட்டி வந்தே." அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "நான் ரெண்டு வாக்கு குடுத்தவ. ஒண்ணைத்தான் சத்தமாச் சொல்ல முடியும்."

"எனக்கு யார் இருக்கா?" என்று கேட்டேன். அறுபது வயதில் இப்படி ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

அவள் மேல்பானையைக் கையில் எடுத்தாள். "அதுக்குத்தான் பெரியம்மா அந்தச் சட்டிய வாங்கி வச்சாங்க."

அதைப் பழையபடி வைத்தாள். "ஜசீராகிட்டச் சொல்லிடு. சட்டி எனக்கு வேணாம். வெறும் பீங்கான் அது. நீயும் இனிமே இங்க வராத. வெள்ளைத்துணியும் கழுத்துல வெள்ளைமணியுமா நீ படியேறினதத் தெருவே பாத்திருக்கும். மருமக வாய் சும்மா இருக்காது."

"இன்னொரு டம்ளர் தண்ணி குடு."

வழிய வழியப் பிடித்துக் கொடுத்தாள். இந்த முறை மெதுவாகக் குடித்தேன். குடிக்கும்போதே வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மருமகள் கடைப்பையோடு வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். கேட்கக்கூடாது என்று தெரியும். கேட்டேன். "ஆசி கொடு, அக்கா."

ஜுசேலியாவின் கை மடியிலிருந்து கொஞ்சம் உயர்ந்தது. பிறகு ரவிக்கையின் ஓரத்துக்குப் போனது. "சமாதானம், சகோதரி" என்றாள்.

மறுநாள் ஜசீராவிடம் போனேன்.

"என்ன சொன்னா?"

"சட்டி வேணாம்னா."

"வாயாலயா?"

"வாயாலதான்."

ஒஷாலாவின் பிள்ளைகள் பொய் சொல்லக்கூடாது. நான் சொல்லவில்லை. மீதியை அவள் கேட்கவில்லை.

சாமிவீட்டுக்குப் பின்னால் சரிவு இறங்கினால் ஓர் ஓடை. சட்டியையும் கூஜாவையும் வெள்ளைத்துணியில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். "கனமா இருக்கும், குடு" என்று ஜசீரா கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. ஓரத்தில் துணியைப் பிரித்தேன். கூஜாவைத் தண்ணீரில் விட்டதும் முழுகியது. சட்டியை விட்டேன். அது மிதந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது, கல்லில் முட்டி நின்றது, விடுபட்டு மறுபடி மிதந்தது.

ஜசீரா சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கல் உள்ள சட்டி மிதக்காது என்று எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

"பெரியம்மா வேலையா?"

"ஆமாம்மா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

அவள் பெருமூச்சு விட்டாள். "எங்கிட்டச் சொல்லியிருந்தா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேனே, லிந்தா."

"இடம் வேணும்னீங்களே."

சட்டி பலாமரத்து வளைவில் திரும்பி மறைந்தது. மேலே ஏறும்போது ஜசீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் இளையவளைத் தாங்குவது எங்கள் வழக்கத்தில் இல்லை. நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

ஒஷாலாக் கிழவரை ஒருமுறை, குதிரை திருடினார் என்று பழி போட்டு ஏழு வருஷம் சிறையில் அடைத்துவிட்டார்கள். உலகத்தையே பிசைந்து செய்தவர், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவரும் நான் இன்னார் என்று சொல்லவில்லை. கடைசியில் தப்பு தெரிந்து, வெட்கப்பட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துவந்து அவரைக் குளிப்பாட்டினார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் வருஷா வருஷம் திருவிழாவில் வாயைத் திறக்காமல் சுமக்கிறோம். இந்த வருஷம் வரிசையில் முன்னால் இருப்பவளை ஒட்டி நின்றேன். ஒருத்தியும் கேலி செய்யவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல வெள்ளை அறைக்குப் போனேன். என் கூஜாவைக் கழுவி நிரப்பினேன். பழக்கத்தில் இரண்டு கூஜாவுக்கான தண்ணீர் கொண்டுவந்திருந்தேன், பாதி மிஞ்சிவிட்டது. புதியவர்களின் சட்டிகள் இன்னும் வரவில்லை. மேல் தட்டில் ஜுசேலியாவின் சட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம், சுற்றியுள்ள சுண்ணாம்பைவிட வெள்ளையாக. இந்நேரம் பெரிபெரியில் அவள் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

"ஆசி கொடு, அக்கா" என்றேன்.

பதில் வரக்கூடிய அளவு நேரம் நின்றேன். வரவில்லை. முன்பும் வந்ததில்லை. ஆனால் முன்பெல்லாம் ஆள் இருக்கிறது, பேசாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.